எதிர்காற்றுக்கு இருபது பல்

வெறும் வயிற்றோடு இருக்கிற மனிதனிடம் நியாயம் பேச முடியாது. பதினொரு வருடமாக நான் விடிந்ததும் முதலில் பார்ப்பது அப்படிப்பட்டவர்களைத்தான். பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற தத்தமங்கலத்தில் ஃபிரோஸ் நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபில் காலை ஊசி என் கையில். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி, விடிந்த பிறகு ஒரு மடக்கு டீ கூட ஆகாது. அந்தப் பசியோடு அவர்கள் லேபின் படியில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே டீக்கடையில் பருப்புவடை பொரிந்துகொண்டிருக்கும். லேபின் சாவி என்னிடம். நான் வர நேரமானால் அவர்கள் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? என் பெயர் கைருன்னிசா. அந்தப் படியில் எனக்கு வேறு பல பெயர்கள் உண்டு.

முன்பெல்லாம் நான் தாமதித்ததே கிடையாது. வண்டித்தாவளத்தில் எங்கள் வீட்டுச் சந்து முனையிலேயே ஐந்து ஐம்பதுக்கு ஒரு பஸ் வரும். மூன்று மாதத்துக்கு முன் அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ் ஆறு இருபத்தைந்துக்கு. அதில் போய் இறங்கி ஷட்டரைத் தூக்கும்போது ஏழு மணி ஆகியிருக்கும். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடலாமே என்பீர்கள். என் வீட்டுக்காரர் மம்மதுவுக்கு வீட்டை ஒட்டியே பலசரக்குக் கடை. அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும் பால், பேப்பர், ரொட்டி என்று வந்து இறங்கிக்கொண்டே இருக்கும், அவரால் நகர முடியாது. சரி, நானே ஸ்கூட்டர் ஓட்டலாமே என்பீர்கள். லைசென்ஸ் டெஸ்டில் கம்பி நட்டு எட்டுப் போடச் சொல்கிறார்களே, அந்த எட்டில் நான் மூன்று தடவை தோற்றவள். கடைசித் தடவை மூன்று கம்பியைச் சாய்த்துவிட்டு நான்காவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பேப்பரில் பெருக்கல் குறி போட்டார். அத்தோடு அந்த ஆசைக்குக் கும்பிடு.

படியில் உட்காருகிறவர்களிலேயே பெரிய வாய் மிக்கேல்ராஜ் அண்ணனுடையது. கோஆப்பரேட்டிவ் சொசைட்டியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வாரத்துக்கு இரண்டு தடவை சர்க்கரை பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏனம்மிணி, உங்க கடியாரம் கேரளா நேரமா, தமிழ்நாட்டு நேரமா?" என்று கேட்பார். ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான் என்று அவருக்குத் தெரியாதா? படியில் உள்ள நாலு பேரும் பசியை மறந்து சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஷட்டரைத் தூக்குகிற சத்தத்தில் நான் முணுமுணுப்பது யாருக்கும் கேட்காது, நல்லவேளை.

அந்த மனிதர் சிரிப்போடு விடவில்லை. ஃபிரோஸுக்குப் போன் போட்டுவிட்டார். வியாழக்கிழமை ஃபிரோஸ் என்னைக் கூப்பிட்டான். வயதில் சின்னவன், மரியாதை தெரிந்தவன்.

"அக்கா, எனக்கு வேற வழி இல்ல. திங்கக்கிழமை ஆறரைக்கு லேப் தொறந்திருக்கணும். தொறந்துச்சா இல்லையான்னு மிக்கேல்ராஜ் அண்ணனே எனக்குச் சொல்லட்டும். இல்லேன்னா சாவி அன்சிலாகிட்ட இருக்கட்டும். நீங்க பத்து மணிக்கு வந்து ரிப்போர்ட் டைப் பண்ணுனாப் போதும்."

அன்சிலா லேபிலிருந்து மூன்றாவது வீடு. தங்கமான பெண்தான். ஆனால் ஒரு நரம்பைக் கண்டுபிடிக்க மூன்று இடத்தில் குத்துவாள். நானோ கைக்குழந்தை என்றாலும், தடித்த கை என்றாலும், ஒரே குத்து. ஊசி போனதா என்று கேட்பார்கள், அதற்குள் பஞ்சை வைத்திருப்பேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் பத்து மணிக்கு வந்து டைப் அடிப்பதா? அழுகை வந்தது. அதற்கு முன்னாலேயே கோபம் வந்துவிட்டதால் அழவில்லை.

எட்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடம் படிக்கும்போது சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். மறுநாளே சைக்கிள் வாங்குவது என்று முடிவு பண்ணினேன்.

லேபுக்கு நாலு கடை தள்ளி ஜோபியின் சைக்கிள் கடை. ஜோபி மலையாளத்துக்காரன், எங்கள் தமிழையும் பேசுவான். முஸ்லிம் பெண் யாராக இருந்தாலும் அவனுக்கு "இத்தா"தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மம்மதும் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வந்தவர் நேராகப் போய் நின்றது இருபத்தொரு கியர் வைத்த ஒரு சிவப்புச் சைக்கிளின் பக்கத்தில்.

"ஏம்புள்ள, இதை எடுத்துக்கோ. இருவத்தொரு கியரு இருக்கறப்ப ஒத்தக் கியர் சைக்கிளை எவனாச்சும் வாங்குவானா?"

"ஏனுங்க, இருவத்தொண்ணுல எதைப் போடறதுன்னு நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மிக்கேல்ராஜண்ணன் மயங்கி உழுந்துருவாரு. நம்மூர் ரோட்டுல மேடு எங்க இருக்குது? ஒரு வாய்க்கால் பாலம், அவ்வளவுதான். கியரு வயரு அறுந்துச்சுன்னா அதை ரிப்பேர் பண்ண நான் கோயமுத்தூருக்கா போவேன்?"

ஜோபிக்கு இந்தப் பேச்சு பிடித்துவிட்டது. உள்ளே போய் ஒரு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். தோளில்! வெளிர்நீலம், மெலிந்த உடம்பு, கியர் வயர் ஒன்றும் கிடையாது. பெங்களூரில் வேலை பார்த்த யாரோ வாங்கி, நாலு மாதம் ஓட்டிவிட்டு விற்றதாம்.

"இத்தா, இதோட பின் வீலைப் பாருங்க. இந்தப் பக்கம் ஃப்ரீவீல், நம்ம சாதா சைக்கிள் மாதிரி. மிதிக்காம விட்டாலும் உருளும். அந்தப் பக்கம் ஃபிக்ஸட். சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், காலும் சுத்தும். ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. கழட்டித் திருப்பிப் போட்டா அது வேற, இது வேற. செயின் ஓடுற சக்கரத்துல ரெண்டு பக்கமும் பதினாறு பல்லு. நான் ஓட்டுறது ஃபிக்ஸட்தான். அதோட சுகமே வேற."

சும்மா இருக்க விடாத சைக்கிள் என்றதுமே எனக்குப் பிடித்துவிட்டது. சும்மா இருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "அந்தப் பக்கமே போடு" என்றேன். பிரேக் இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பார்த்தேன்.

"வீடு வரைக்கும் ஓட்டிப் பாருங்க இத்தா, பிடிச்சா மட்டும் எடுங்க" என்றான் ஜோபி.

சுடிதார்க் கால் செயினில் மாட்டாமல் இருக்க, ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற ரப்பர் பட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். ஏறி மிதித்தேன். யா அல்லா! அது சைக்கிளே இல்லை. நான் மிதிக்கிறேனா, பெடல் என் காலைச் சுற்றுகிறதா என்றே தெரியவில்லை. துப்பட்டா எனக்கு முன்னால் பறந்து முகத்தை மறைத்தது, இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பின்னால் மம்மது ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கி மணி பார்த்தேன். பத்தொன்பது நிமிடம்.

"பஸ்ஸே இருவத்தஞ்சு நிமிசம் எடுக்குது!" என்று மம்மது வாயைப் பிளந்தார். நான் என்ன சொல்வது, எனக்கு நாற்பத்துமூன்று வயது என்பதே மறந்துபோயிருந்தது. அன்று ராத்திரி ஜோபிக்குப் பணம் போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். பத்தொன்பது நிமிடத்துக்கு முக்கால் மணி நேரம் தாராளம் என்று கணக்கு. வீட்டுச் சந்திலிருந்து மெயின் ரோட்டில் திரும்பினேன், அவ்வளவுதான். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளினது போல இருந்தது.

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று. நான் பிறந்ததிலிருந்து வருடா வருடம் அடிக்கிற காற்று. ரோட்டோரப் பனைகளின் ஓலையெல்லாம் என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. துப்பட்டா முதுகுக்குப் பின்னால் படபடத்தது. பதினாறு பல் சக்கரம் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலைக் கேட்டது. மூச்சு வாங்கக் கொஞ்சம் காலை நிறுத்தலாம் என்றால் அந்தப் பாவி பெடல் விடவில்லை, சுற்று சுற்று என்று காலை இழுத்தது. சும்மா இருக்காத பெடல் வேண்டும் என்று கேட்டவள் நானேதான்.

தட்டுத்தடுமாறி வாய்க்கால் பாலத்தில் ஏறினேன். அந்தப் பக்கம் இறக்கம். அப்பாடா என்றேன். இறக்கத்தின் அடியில் ஒரு கோழிக்கடை, கோழிக்கடைக்கு மூன்று நாய்கள். நாய் துரத்தினால் சைக்கிள்காரர் என்ன செய்வார்? ரெண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொள்வார், சைக்கிள் தானே உருண்டு போகும். ஊர் உலகமெல்லாம் அதைத்தான் செய்யும், நானும் அதைத்தான் செய்தேன். கால் மேலே போயிற்று, பெடல் நிற்கவில்லை. சுற்றி வந்து முழங்கால் எலும்பில் ஓங்கி அடித்தது. அம்மாடி என்று கத்தினேன். வலது செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. கருப்பு நாய் அதைக் கவ்விக்கொண்டு கோழிக்கடைக்குப் பின்னால் போய்விட்டது. விழாமல் பிரேக்கைப் பிடித்து நின்றதே ஆண்டவன் புண்ணியம்.

மிச்ச தூரத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆறு இருபத்தைந்து பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. கண்டக்டர் படியில் நின்று எனக்குக் கை காட்டினான். லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு தாண்டி ரெண்டு நிமிடம். வழக்கமான நேரத்தைவிட மோசம்.

படியில் மிக்கேல்ராஜ் அண்ணன். அவர் முதலில் சைக்கிளைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"அம்மிணி, இன்னொரு செருப்பு பஸ்ஸுல வருதுங்களா?"

படி முழுக்கச் சிரிப்பு. அன்று அவருக்கும் ஒரே குத்துதான், ஆனால் பஞ்சைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜோபி கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அவனை என்ன திட்டுவது என்று வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அவன் முன்னால் போய் நின்று, "நேத்து சாயங்காலம் பறந்துச்சே…" என்று ஆரம்பித்தேன். அங்கேயே வாய் நின்றுவிட்டது. சாயங்காலம். மேற்கிலிருந்து கிழக்கே. துப்பட்டா முன்னால் பறந்தது.

யாராவது நாலு இட்லியைத் தின்றுவிட்டு வந்து வெறும் வயிறு என்று கையை நீட்டினால் நான் எப்படிக் கத்துவேன் தெரியுமா? அதே வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு சைக்கிளைப் பரிசோதித்திருக்கிறேன். பதினொரு வருட லேப் அனுபவம்! என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

ஜோபியும் தலையைச் சொறிந்தான். அவன் வீடு கடைக்கு மாடியில், எதிர்காற்றைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

"நம்ம ஊர்ல மேடு ரோட்டுல இல்ல இத்தா, காத்துல இருக்கு. பின்னால இருபது பல்லு ஃப்ரீவீல் போட்டுத் தர்றேன். செயின்ல ரெண்டு கண்ணி சேர்க்கணும். மிதி லேசாகும், நாய் வந்தா காலையும் தூக்கலாம். ஆனா ஒரு விஷயம், காத்தோட வீட்டுக்குப் போறப்ப கால் சும்மா விறுவிறுன்னு சுத்தும், வண்டி போகாது. பார்க்கிறவங்க சிரிப்பாங்க. வேணும்னா அந்தப் பக்கம் பதினாறு அப்படியே இருக்கட்டும், சாயங்காலம் சாயங்காலம் திருப்பிப் போட்டுக்கலாம்."

"தினம் ரெண்டு தடவை சக்கரம் கழட்ட நான் என்ன லாரி கிளீனரா? காலைல போறதுக்குத்தான் சைக்கிள். ஊட்டுக்கு லேட்டாப் போனா எவனும் எங்கிட்ட இருந்து சாவியப் புடுங்க மாட்டான். இருபதே போடு."

அன்று வீட்டுக்குப் போகும்போது ஜோபி சொன்னது சரியாகவே நடந்தது. என் கால் தையல் மிஷின் மாதிரி ஓடியது, சைக்கிள் நிதானமாகப் போனது. வயலில் நின்ற ரெண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நேத்தே நான் சொன்னனல்ல, இருவத்தொரு கியருன்னு" என்றார் மம்மது.

"ஒரு வார்த்தை பேசாதீங்க!" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றால் விடியற்காலையில் ஆரம்பித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. இருபது பல் எதிர்காற்றில் போகுமா, போகாதா? ஷட்டர் முன்னால் நிற்கும்போதுதான் தெரியும். ராத்திரி டைப் அடிக்கிற விரல்களைக் கனவில் பார்த்தேன். எல்லாம் என் விரல்கள்.

திங்கட்கிழமை தொழுதுவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் வாசலில் நின்றது. ரெண்டு டயரிலும் காற்று கல்லாக இருந்தது. பக்கத்தில் புதுச் செருப்பு ஒரு ஜோடி, பின்னங்காலில் பட்டை மாட்டுகிற மாதிரி. மம்மது கடை வாசலில் பால் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை.

"இனி எந்த நாயும் புடுங்க முடியாது" என்றார் பால் பெட்டியைப் பார்த்து.

குனிந்து செருப்பை மாட்டிப் பட்டையை இழுத்துவிட்டேன். அந்த மனிதர் மேல் சனிக்கிழமை நான் அப்படி எரிந்து விழுந்திருக்கக் கூடாது.

ஐந்து முப்பத்தைந்து. மெயின் ரோட்டில் திரும்பினேன். காற்று அங்கேயே காத்துக்கொண்டிருந்தது, சனிக்கிழமையைவிட ஒரு பிடி கூடுதலாக. மிதித்தேன். பெடல் போயிற்று. மறுபடி மிதித்தேன், மறுபடி போயிற்று. வேகம் என்று ஒன்றும் கிடையாது, பக்கத்தில் நடந்து போன ஒரு பசு கொஞ்ச தூரம் எனக்குத் துணையாக வந்தது. ஆனால் முழங்கால் கேட்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. காற்று ஓங்கி அடிக்கிறபோது குனிந்துகொள்வேன், அது ஓய்கிற நேரத்தில் நாலு மிதி கூட்டிப் போடுவேன். போ, போ, போ என்று யாரைச் சொல்கிறேன் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

வாய்க்கால் பாலம். இறக்கம். கோழிக்கடை. மூன்று பேரும் தயாராக எழுந்து நின்றார்கள், முன்னால் என் செருப்பைத் தின்ற கருப்பன். இறக்கத்தில் நாலு மிதி பலமாகப் போட்டேன். பிறகு ரெண்டு காலையும் தூக்கி முன் கம்பியின் மேல் வைத்துக்கொண்டேன். பின்சக்கரம் டிக்டிக்டிக் என்று தானே உருண்டது. கருப்பன் என் பெடல் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தான். அங்கே கவ்வ ஒன்றும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "போடா!" என்று திரும்பிக் கத்தினேன். எட்டுப் போடத் தெரியாதவள் என்று என்னை ஃபெயிலாக்கிய அந்த இன்ஸ்பெக்டரும் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும்.

தத்தமங்கலம் வரை பஸ் என்னைத் தாண்டவில்லை. பஸ் அப்போது கிளம்பியே இருக்காது.

லேபின் முன்னால் இறங்கினேன். ஆறு பதினாலு. படியில் ரெண்டே பேர், பசி முகத்தோடு. என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள், ஒருவர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார். மிக்கேல்ராஜ் அண்ணனைக் காணோம். ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினேன். எதிர் டீக்கடை பெஞ்சில் இருந்தார். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் பாதி வடை, மிச்சப் பாதி வாயில். மெல்ல மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவி, ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தேன். அவர்கள் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு வடைக்கு ஓடினார்கள். சாவி வாங்கிக்கொள்ள ஃபிரோஸ் வரச் சொல்லியிருந்ததால் அன்சிலாவும் வந்துவிட்டாள். ஷட்டர் திறந்திருப்பதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளைக்கா. பசிச்ச மொகத்தைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குது" என்றாள்.

மிக்கேல்ராஜ் அண்ணன் மெதுவாக ரோட்டைத் தாண்டி வந்தார். ஆறரைக்கு அவருடைய போன் அடித்தது. ஃபிரோஸ். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அண்ணன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணா, லேப் தொறந்தாச்சா?"

"தொறந்தாச்சுங்க."

"எப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆறேகாலுக்கே தொறந்துபோட்டாங்க" என்றார்.

"ஆஹா! அப்ப உங்க ரத்தம் எடுத்தாச்சா?"

அண்ணன் வாயோரத்து வடைத் துணுக்கைத் துடைத்தார்.

"அண்ணா? ஹலோ?"

"இல்லீங்க… டீ குடிச்சுப்போட்டனுங்க. ரெண்டு வடையும். இந்தம்மிணி எங்க ஏழுக்கு முன்ன வரப்போகுதுன்னு… நாளைக்கு அன்சிலாப் புள்ளைகிட்டக் குடுத்துக்கலாம், இன்னிக்குச் சும்மா வேடிக்கை பார்க்கலாம்னு…" அவருக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. "அதுக்குன்னு இது என்னங்க அநியாயம்? சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்து தொறந்தா மனுசன் என்னங்க பண்றது?"

ஃபிரோஸ் சிரித்த சிரிப்பு டீக்கடை வரைக்கும் கேட்டது. டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். "அக்காகிட்டச் சொல்லிருங்க, சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

அண்ணன் வெளியே நின்ற சைக்கிளின் பின்சக்கரத்தையே குனிந்து பார்த்தார். உதட்டை அசைத்து அசைத்து எண்ணினார். "இருவதா?" என்று கேட்டார்.

"இருபதுங்கண்ணா" என்றேன். எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. ஆறேகாலுக்கு. லேட்டாக்கிப் போடாதீங்க."